மனுவை நீட்டுங்கள், ரசீதைக் கேளுங்கள்!

கந்தர்வக்கோட்டை பேருந்து நிலையத்தில் திங்கட்கிழமை காலையில் புதுக்கோட்டை வண்டிக்காக நிற்பவர்களைப் பாருங்கள். முந்திரிக் காட்டுக்கும் கடலைக் கொல்லைக்கும் வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம் நிற்க, வெளுத்துக் கட்டிய வேட்டியோடும் சேலையோடும் சிலர் தனியாக நிற்பார்கள். கையில் மஞ்சப்பை. அதற்குள் நாலாக மடித்த ஒரு வெள்ளைத் தாள். கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுக்கப் போகிறவர்கள் அவர்கள். ஒருவருக்குப் பட்டா வேண்டும். இன்னொருவருக்கு முதியோர் உதவித்தொகை வேண்டும். ஒரு தெருவுக்கே குடிதண்ணீர் வேண்டும். 'நம்மளையெல்லாம் உள்ள விடுவாங்களா?' என்று ஒரு அம்மா பக்கத்தில் நிற்பவரிடம் மெல்லக் கேட்பார்.

விடுவார்கள் அம்மா. விட்டே ஆக வேண்டும்! நீங்கள் போகிற அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் தொண்டைமான் மன்னரின் அரண்மனை. 1948-ல் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. 1974-ல் புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆனது. மன்னர் குடியிருந்த மாளிகையில் இன்று மக்கள் மனுக் கொடுக்கிறார்கள். அந்த வாசலில் கூனிக் குறுகி நுழையாதீர்கள். நிமிர்ந்து நுழையுங்கள். உங்கள் மனுவைப் படிப்பதற்குத்தான் அங்கே நாற்காலி போட்டிருக்கிறார்கள்.

நான் கேட்பது இதுதான். பட்டாவுக்கும் உதவித்தொகைக்கும் துணிந்து மனு எழுதுகிற கை, மானத்துக்குப் பங்கம் வரும்போது மட்டும் ஏன் நடுங்குகிறது? டீக்கடையில் தனிக் குவளை கொடுத்தால், கோயில் வாசலில் மறித்து நிறுத்தினால், சாதியைச் சொல்லித் திட்டினால், 'விட்டுத் தள்ளு, நமக்கெதுக்கு வம்பு' என்று ஏன் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறோம்? உங்கள் மானத்தைக் காக்க ஒரு சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க மாவட்டத்தில் ஒரு குழு இருக்கிறது. அதற்கு மேல் மாநிலத்தில் ஒரு குழு, ஆணையங்கள், நாடாளுமன்றம் என்று வரிசையாகக் கண்கள் இருக்கின்றன. அத்தனை கண்களுக்கும் முன்னால் ஒரு தாள் போய் விழாதவரை, உங்கள் தெருவில் நடந்தது அரசாங்கத்தின் கணக்கில் நடக்கவே இல்லை. அந்தத் தாளை எழுத வேண்டியவர் நீங்கள்!

வாய் திறந்த அன்றே திறந்த கதவு

தூரத்து உதாரணம் தேட வேண்டாம். நம் மாவட்டத்திலேயே, அன்னவாசல் ஒன்றியத்தில், வேங்கைவயல் இருக்கிறது. 2022 டிசம்பரில் அந்த ஊரின் பட்டியலினக் குடியிருப்பில் பிள்ளைகளுக்கு அடுத்தடுத்து உடம்புக்கு முடியாமல் போனது. தண்ணீரைப் பாருங்கள் என்றார்கள் மருத்துவர்கள். டிசம்பர் 26 அன்று மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் ஏறிப் பார்த்தபோது, குடிக்கிற தண்ணீரில் மனிதக் கழிவு கிடந்தது. நாடே தலைகுனிந்தது.

மறுநாள் அப்போதைய ஆட்சியர் கவிதா ராமுவும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் வந்திதா பாண்டேவும் ஊருக்கு வந்தார்கள். அவர்கள் வந்தது தண்ணீர்த் தொட்டியைப் பற்றி விசாரிக்க. ஆனால் மக்கள் தொட்டியோடு நிறுத்தவில்லை. ஐயனார் கோயிலுக்குள் தங்களை விடுவதில்லை என்றார்கள். டீக்கடையில் தங்களுக்குத் தனிக் குவளை என்றார்கள். அடுத்து நடந்ததுதான் நெஞ்சில் நிறுத்த வேண்டியது. ஆட்சியர் அந்த மக்களைக் கையோடு அழைத்துக்கொண்டு கோயிலுக்குள் போனார். இரட்டைக் குவளை வைத்திருந்த கடைக்காரர் மீது வழக்குப் பாய்ந்தது. தலைமுறைகளாக அடைத்துக் கிடந்த வாசல் ஒரே நாளில் திறந்தது!

சட்டம் அன்றைக்குப் புதிதாகப் பிறந்ததா? இல்லை. தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு 1950 முதல் இருக்கிறது. அதை மீறினால் தண்டனை என்ற சட்டம் 1955 முதல் இருக்கிறது. அந்தக் கதவைத் திறக்கும் அதிகாரம் அத்தனை ஆண்டுகளாக அரசாங்கத்தின் கையில்தான் இருந்தது. அதிகாரி எதிரில் நின்றபோது, பயத்தை விழுங்கிவிட்டு மக்கள் வாய் திறந்தார்கள். அன்றுதான் அந்த அதிகாரத்துக்கு உயிர் வந்தது. 'இதையும் சொன்னால் ஊரில் நாளைக்கு என்ன ஆகுமோ' என்று அவர்கள் அன்று விழுங்கியிருந்தால், அதிகாரிகள் தொட்டியைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள்.

தொட்டி வழக்கு நீண்டது. 2023 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. விசாரணைக்குப் போனது. உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி எம்.சத்தியநாராயணன் தலைமையில் ஒரு நபர் ஆணையம் அமைத்தது. 2025 ஜனவரியில் தாக்கலான குற்றப்பத்திரிகை அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவரின் பெயரைச் சொன்னது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் இத்தனை மாதக் காத்திருப்பு நமக்கு ஒரு பாடத்தை ஓங்கிச் சொல்கிறது: முதல் நாளில் எழுதப்படுகிற புகாரும், முதல் நாளில் எடுக்கப்படுகிற தண்ணீர் மாதிரியும், முதல் நாளில் பதிவாகிற சாட்சியமும்தான் ஒரு வழக்கின் முதுகெலும்பு. நாள் கடந்தால் நியாயம் தேய்ந்துவிடும். ஆகவே எழுதுவதை நாளைக்குத் தள்ளாதீர்கள்!

2024 ஏப்ரலில் நம் கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில் சங்கம்விடுதி ஊராட்சியின் குருவாண்டான் தெருவில், குடிநீர்த் தொட்டியில் மாட்டுச் சாணம் கலக்கப்பட்டதாக ஒரு புகார் எழுந்தது. உடனே அதிகாரிகள் வந்தார்கள். தண்ணீர் மாதிரி சோதனைக்குப் போனது. சந்தேகம் வந்தவுடன் புகார் சொன்ன அந்தத் தெருவின் துணிச்சலைக் கவனியுங்கள். 'இருக்குமோ இருக்காதோ' என்று தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தொட்டியைக் கழுவிக்கொண்டு சும்மா இருந்துவிடவில்லை. சோதனை செய்து சொல்லுங்கள் என்று அரசாங்கத்தையே கேட்டார்கள். அதுதான் குடிமக்கள் நடந்துகொள்ள வேண்டிய முறை.

உங்களுக்குத் தெரியுமா? பட்டியலின மக்கள் புழங்குகிற நீர்நிலையைக் கெடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தனிக் குற்றம். அப்படி நடந்தால் தண்ணீரைச் சுத்தம் செய்து பழையபடி ஆக்கும் முழுச் செலவோடு, அந்த மக்களுக்கான பொதுச் சொத்தை உருவாக்க 8 லட்சத்து 25 ஆயிரம் ரூபாய் ஆட்சியரிடம் செலுத்தப்பட வேண்டும் என்று 2016-ல் திருத்திய விதிகள் சொல்கின்றன. இது யாரோ மனமிரங்கிக் கொடுப்பதல்ல. சட்டம் எழுதி வைத்த தொகை.

உங்களுக்காகக் கூட வேண்டிய கூட்டம்

இந்தச் சட்டங்கள் வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1955-ன் தீண்டாமைக் குற்றச் சட்டம் ஏன் பலிக்கவில்லை என்று ஆராய 1965-ல் ஒரு குழு அமைத்தார்கள். அதற்குத் தலைமை ஏற்றவர் நம் காட்டுமன்னார்கோயிலின் எல்.இளையபெருமாள். 1969-ல் அவர் குழு அறிக்கை கொடுத்தது. 1976-ல் அந்தச் சட்டம் வலுவாக்கப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் பெற்றது. நம் ஊர்ப்பக்கம் இன்றைக்கும் 'பி.சி.ஆர். கேஸ்' என்கிறார்களே, அந்த மூன்றெழுத்து அதிலிருந்து வந்தது. சேற்றில் கால் வைத்த ஊரிலிருந்து போன ஒரு தமிழர் எழுதிய அறிக்கை டெல்லியின் சட்டத்தை மாற்ற உதவியது என்றால், உங்கள் ஒரு பக்க மனு ஒரு தாலுகாவை அசைக்காதா?

அடுத்து 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1995-ல் அதற்கான விதிகள், 2015-ல் பெரிய திருத்தம். இந்த விதிகளில்தான் கண்காணிப்பு என்ற இரும்புச் சங்கிலி இருக்கிறது. ஒவ்வொரு கண்ணியையும் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் கண்ணி, கோட்ட அளவிலான விழிப்புக் கண்காணிப்புக் குழு. அதற்குத் தலைவர் கோட்டாட்சியர். அடுத்தது மாவட்டக் குழு. அதற்குத் தலைவர் ஆட்சியர். நாடாளுமன்ற உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர், காவல் கண்காணிப்பாளர், பட்டியலினத்தைச் சேர்ந்த அதிகாரிகள், பொதுமக்களின் பிரதிநிதிகள் எல்லாரும் அதில் உறுப்பினர்கள். கந்தர்வக்கோட்டை தனித்தொகுதி. உங்கள் எம்.எல்.ஏ.வும் அந்தக் கூட்டத்தில் உட்கார வேண்டியவர்தான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்தக் குழு கூட வேண்டும். எத்தனை வழக்குப் பதிவானது, எத்தனையில் நிவாரணம் போனது, எது எங்கே தேங்கி நிற்கிறது என்று கணக்குப் பார்க்க வேண்டும். அதற்கும் மேலே மாநிலக் குழு. அதற்குத் தலைவர் முதலமைச்சர். ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும், அது கூட வேண்டும்.

காவல்துறைக்குள்ளேயே சமூக நீதி மற்றும் மனித உரிமைப் பிரிவு என்று தனிப் பிரிவு இயங்குகிறது. சென்னையில் 2021-ல் தனிச் சட்டம் இயற்றி அமைத்த தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையம் இருக்கிறது. 1997 முதல் மாநில மனித உரிமை ஆணையம் இருக்கிறது. டெல்லியில் அரசியல் சட்டத்தின் 338-ஆம் பிரிவின்படி தேசியப் பட்டியல் சாதிகள் ஆணையம் இருக்கிறது. ஒரு புகாரை விசாரிக்கும்போது உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரத்தோடு அது எந்த அதிகாரியையும் அழைக்கலாம். எந்தக் கோப்பையும் கேட்கலாம். அதன் அறிக்கை நாடாளுமன்றத்தின் மேசைக்குப் போகிறது.

இப்போது சொல்லுங்கள், நீங்கள் தனி ஆளா? உங்களுக்குப் பின்னால் இத்தனை நாற்காலிகள் நிற்கின்றன! ஆனால் ஒரு உண்மையை மறக்காதீர்கள். கோப்பில் ஏறாத துன்பம் கூட்டத்தில் பேசப்படாது. கந்தர்வக்கோட்டையிலிருந்து ஒரு புகாரும் போகாவிட்டால், அங்கே எல்லாம் நலமாக இருக்கிறது என்றுதான் அந்தக் கூட்டத்தின் குறிப்பேடு எழுதிக்கொள்ளும். உங்கள் மௌனம் உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

மௌனம் கலைந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். அமெரிக்காவில் 1957-ல் குடிமை உரிமைகள் ஆணையம் ஒன்றை அமைத்தார்கள். தண்டிக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது. விசாரிக்கலாம், அறிக்கை எழுதலாம், அவ்வளவுதான். 1958 டிசம்பரில் அது அலபாமாவின் மான்ட்கோமரி நகரில் உட்கார்ந்து, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க மறுக்கப்பட்ட கறுப்பின மக்களை அழைத்து வாக்குமூலம் வாங்கியது. வெளியே வெறுப்பு காத்திருக்கிறது என்று தெரிந்தும் அவர்கள் உள்ளே போய் உண்மையைச் சொன்னார்கள். அப்படிச் சேர்ந்த சாட்சியங்களும் தெருவில் நடந்த போராட்டங்களும் சேர்ந்துதான் 1965-ன் வாக்குரிமைச் சட்டத்துக்கு வழி வெட்டின. பல்லில்லாத ஆணையம் என்று கேலி பேசப்படுகிற அமைப்புக்கும் பல் முளைக்க வைப்பது சாமானியரின் வாக்குமூலம். அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

'சி.எஸ்.ஆர். போட்டாச்சு, போய்ட்டு வாங்க'

இனி காவல் நிலையத்துக்கு வாருங்கள். பலருக்கு அடிவயிறு கலங்குகிற இடம் இதுதான். வாசலில் துப்பாக்கியோடு ஒரு பாரா. உள்ளே ஒயர்லெஸ் இரைச்சல். மேசைக்குப் பின்னால் எழுத்தர் தலையை நிமிர்த்தாமல் 'என்ன விஷயம்?' என்கிறார். நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேர் வந்து, 'ஒரே ஊர்க்காரங்க, சமாதானமாப் போயிடுங்க' என்கிறார்கள். நீங்கள் அசையாமல் நின்றால் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்து, 'சி.எஸ்.ஆர். போட்டாச்சு, போய்ட்டு வாங்க, கூப்பிடுறோம்' என்கிறார்கள். அந்தச் சீட்டோடு திருப்திப்பட்டுத் திரும்பியவர்கள் எத்தனை பேர்!

அங்கேயே நில்லுங்கள். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்து சேர்ந்ததற்கான ரசீது. முதல் தகவல் அறிக்கை அது அல்ல. கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகப் புகார் சொன்னால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆக வேண்டும் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வன்கொடுமை வழக்கில் எஃப்.ஐ.ஆர். போட முன்கூட்டிய விசாரணை தேவையே இல்லை என்று 2018-ல் சேர்த்த 18ஏ பிரிவு சொல்கிறது. நீங்கள் வாயால் சொன்னதை எழுதிக்கொண்டால், கையெழுத்து வாங்கும் முன் அதை உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். நகலைக் காசு வாங்காமல் உடனே தர வேண்டும். வேண்டுமென்றே கடமை தவறிய அரசு ஊழியர் மீது துறை விசாரணையில் அது உறுதியாகி வழக்கு நடந்தால், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது.

இதைத் தெரிந்த ஒரு பெண் அந்த மேசைக்கு முன்னால் நிற்கும்போது அவள் குரலே வேறு மாதிரி ஒலிக்கும். சண்டை வேண்டாம், சத்தம் வேண்டாம். 'ஐயா, எனக்கு எஃப்.ஐ.ஆர். நகல் வேண்டும்' என்ற ஒரு வாக்கியம் போதும். தரவில்லையா? அந்தப் புகாரையே எழுத்தில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சட்டமே அந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறது.

எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு விசாரிக்க வேண்டியவர் டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரி. அறுபது நாளுக்குள் குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். உடனடி நிவாரணம் ஏழு நாளுக்குள் வர வேண்டும். ஜாமீன் மனு வந்தாலும் உங்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும். உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும். இந்த நாட்களை வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். ஏழாவது நாள் தாண்டினால் ஆதிதிராவிடர் நல அலுவலரிடம் கேளுங்கள். அறுபதாவது நாள் தாண்டினால் எஸ்.பி.க்கு எழுதுங்கள். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று சொன்ன ஊர் இது. கோப்பு நகராதா?

சைக்கிள் மிதித்த மாவட்டம் இது

'எனக்கு எழுதப் படிக்க வராதே' என்கிறீர்களா? 'நான் பொம்பளை, ஆபீஸ் ஆபீசா அலைய முடியுமா' என்கிறீர்களா? உங்கள் அம்மாவிடம் கேளுங்கள், பாட்டியிடம் கேளுங்கள். 1991-92-ல் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வீசிய காலத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, பல்லாயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் ஒரு கையில் எழுத்துப் பலகையையும் இன்னொரு கையில் சைக்கிள் ஹேண்டில்பாரையும் பிடித்தார்கள். கல் குவாரியில் ஜல்லி உடைத்தவர்கள், களை எடுத்தவர்கள், பால்வாடியில் வேலை பார்த்தவர்கள் அவர்கள். 'பொம்பளை சைக்கிள் ஓட்டுறதா?' என்று தெருவில் கேலி பேசினார்கள். அந்தக் கேலியை மிதித்துக்கொண்டே அவர்கள் ஓட்டினார்கள். குவாரியில் கூலிக்குக் கல் உடைத்த பெண்களே குழுவாகச் சேர்ந்து குவாரியைக் குத்தகைக்கு எடுத்தார்கள்.

அதற்கும் முன்னால், 1886-ல் இதே புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரிக்குள் எதிர்ப்பைத் தாண்டிக் காலெடுத்து வைத்தார். மருத்துவராகி, 1927-ல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினரானார். தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டத்துக்காகப் போராடினார். இந்த மண்ணின் பெண்களுக்குத் துணிச்சலை யாரும் கடன் கொடுக்க வேண்டியதில்லை.

மனு எழுதுவது பெரிய வித்தை இல்லை. அனுப்புநர், பெறுநர். அதற்குக் கீழே என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யார், என்ன செய்தார், என்ன சொன்னார் என்று எழுதுங்கள். சொன்ன சொல்லை நாகரிகம் பார்த்து மாற்றாமல், சொன்னபடியே எழுதுங்கள். கூட இருந்தவர் யார் என்று எழுதுங்கள். முடிவில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரி: வழக்குப் பதிய வேண்டும், பாதுகாப்பு வேண்டும், தனிக்குவளை ஒழிய வேண்டும். ஒரே பக்கம் போதும். மூன்று நகல் எடுங்கள். ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை குத்திய அந்த நகல்தான் உங்கள் ஆயுதம். அதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். அதைத் தராமல் அனுப்பினால் அங்கேயே நின்று மறுபடி கேளுங்கள்.

பயங்களுக்குப் பதில் இருக்கிறது

'அலைந்தால் கூலி போய்விடும்.' உண்மைதான். ஏழைக்கு ஒரு நாள் கூலி என்பது ஒரு நாள் அடுப்பு. அதைச் சட்டமும் யோசித்திருக்கிறது. விசாரணைக்கும் வழக்குக்கும் போய்வருகிற பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பயணச் செலவும் அன்றைய பிழைப்புக்கான படியும் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. கேளுங்கள்.

'வக்கீலுக்குக் காசு ஏது?' பட்டியலினத்தவர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள் யாராக இருந்தாலும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று 1987-ன் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள். வன்கொடுமைப் புகாருக்கென்றே 14566 என்ற எண் 2021 டிசம்பர் முதல் இருக்கிறது. இரண்டையும் செல்போனில் இன்றே பதிந்து வையுங்கள்.

'ஊரை விட்டு ஒதுக்கி வைப்பாங்க, வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க.' அப்படி ஒதுக்கி வைப்பதும், ஒதுக்குவோம் என்று மிரட்டுவதும்கூட 2015 திருத்தத்துக்குப் பிறகு தனிக் குற்றம். மிரட்டல் வந்த அன்றே இரண்டாவது மனுவை எழுதுங்கள்.

'எழுதி என்ன ஆகப்போகுது, எல்லாம் கண்துடைப்பு.' இந்தப் பேச்சுதான் எல்லாவற்றிலும் கொடியது. கண்காணிக்க வேண்டியவர்கள் கண்ணை மூடிக்கொண்டால், அவர்களைக் கண்காணிக்கிற அதிகாரம் உங்களுக்கு இருக்கிறது. 2005-ல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டி ஒரு கேள்வி எழுதுங்கள்: 'புதுக்கோட்டை மாவட்ட விழிப்புக் கண்காணிப்புக் குழு கடந்த ஓராண்டில் எந்தெந்தத் தேதிகளில் கூடியது? கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகல் தருக.' முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும். கூடியிருந்தால் என்ன பேசினார்கள் என்று தெரியும். கூடாமல் இருந்தால், கந்தர்வக்கோட்டையிலிருந்து ஒருவர் கேட்கிறார் என்ற செய்தி அந்த மேசைக்குப் போய்ச் சேரும். அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறிக்க அந்த ஒரு தாள் போதும். ஒரு பட்டதாரிப் பிள்ளையால் இதைச் செய்ய முடியாதா? பரீட்சைக்கு எத்தனை பக்கம் எழுதினீர்கள்! ஊருக்காக ஒரு பக்கம் எழுதுங்கள்.

மற்ற தெருவின் பிள்ளைகளுக்கு

இந்த அழைப்பு பாதிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் உரியதல்ல. தனிக்குவளை கழுவி வைக்கப்படுகிற கடையில் நல்ல குவளையில் டீ குடிக்கிற தம்பி, உங்களிடமும் கேட்கிறேன். நீங்கள் பார்த்தீர்கள், கேட்டீர்கள். சாட்சியாக நிற்கிற நெஞ்சுரம் உங்களுக்கு வேண்டாமா? 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துப் போனவர் அ.வைத்தியநாத ஐயர். சொந்தச் சாதியாரின் வசவுக்கு அஞ்சி அவர் வீட்டிலேயே இருந்திருந்தால் இன்று அவர் பெயர் நமக்குத் தெரிந்திருக்காது.

ஊர் மாறாது என்று யாராவது சொன்னால் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் என்று பதில் சொல்லுங்கள். அந்த ஊராட்சிகளில் பட்டியலினத்தவருக்கு ஒதுக்கிய தலைவர் பதவிக்கு 1996 முதல் பத்தாண்டு காலம் ஒழுங்காக ஒரு தேர்தல் நடக்க முடியவில்லை. 2006-ல் அன்றைய மதுரை ஆட்சியர் த.உதயச்சந்திரன் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். இரு தரப்பிலும் நல்ல உள்ளங்கள் துணை நின்றன. தேர்தல் நடந்தது, தலைவர்கள் நாற்காலியில் அமர்ந்தார்கள். சட்டத்தின் உறுதியும் மனிதரின் பொறுமையும் கைகோத்த இடத்தில் பத்தாண்டுப் பூட்டு உடைந்தது.

அரசாங்கமும் அடிக்கிற கையோடு அணைக்கிற கையையும் வைத்திருக்கிறது. ஆண்டுதோறும் ஜனவரி 24 முதல் 30 வரை தமிழ்நாடு முழுக்க மனிதநேய வார விழா நடக்கிறது. தீண்டாமை இல்லாமல் நல்லிணக்கத்தோடு வாழும் கிராமத்துக்கு 10 லட்சம் ரூபாய் பரிசும் உண்டு. அந்தப் பரிசை நம் ஊர் ஏன் வாங்கக் கூடாது? பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுப்பதோடு விழாவை முடித்துவிடாமல், ஒரே குவளையில் டீ, ஒரே குழாயில் தண்ணீர், ஒரே வரிசையில் சாமி தரிசனம் என்று ஊர் இளைஞர்கள் உறுதி எடுத்துக்கொண்டால், எந்தக் குழுவுக்கும் நம் ஊருக்கு வர வேலை இருக்காது.

நாற்காலியில் இருக்கிற தம்பி தங்கைகளே, நீங்களும் கேளுங்கள். வி.ஏ.ஓ., போலீஸ்காரர், தாலுகா ஆபீஸ் இளநிலை உதவியாளர் என்று நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அரசு வேலையில் இருக்கிறார்கள். நடுங்குகிற கையோடு ஒருவர் மனு நீட்டும்போது 'உட்காருங்கம்மா' என்று சொல்லிப் பாருங்கள். ஒரு சட்டப் புத்தகம் முழுவதும் சேர்ந்து தர முடியாத தைரியத்தை அந்த ஒரு சொல் தரும்.

இன்றே தொடங்குங்கள்

ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வருகிற கூட்டத்துக்குத் தெருவோடு போங்கள். குடிநீர்த் தொட்டிக்கு மூடியும் பூட்டும் போட வேண்டும், அதைக் கழுவிய தேதியைத் தொட்டியிலேயே எழுத வேண்டும், பொது இடங்களில் எந்தப் பாகுபாடும் கூடாது என்று மூன்று தீர்மானங்களைக் கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டதா என்று படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் கையெழுத்துப் போடாதீர்கள்.

தெருவுக்கு இருவர் போதும். ஒருவர் எழுதட்டும், ஒருவர் தேதிகளைக் கவனிக்கட்டும். கொடுத்த மனுக்களையும் வாங்கிய ரசீதுகளையும் ஒரு ஃபைலில் கோத்து வையுங்கள். மறுபடி ஓர் அநியாயம் நடந்தால், அழுகையோடு ஓடாமல் அந்த ஃபைலோடு போங்கள். எழுத்தோடு வருகிறவரை எந்த அலுவலகமும் எளிதில் திருப்பி அனுப்பிவிடாது.

ஒரு தலைமுறை அடங்கி வாழ்ந்தது. அதன் வலி நமக்குத் தெரியும். அடுத்த தலைமுறை போராடிச் சட்டத்தை வாங்கித் தந்தது. அதன் பலன் நம் கையில் இருக்கிறது. அந்தச் சட்டத்தைத் தினமும் வேலை வாங்குவது நம் தலைமுறையின் கடமை. கைகட்டி நின்று கேட்பதற்கு இது யாருடைய தயவும் அல்ல. எழுதுங்கள், கையெழுத்துப் போடுங்கள், முத்திரை வாங்குங்கள், பதில் வரும்வரை விடாமல் கேளுங்கள். உரிமை உங்களுடையது, அதைக் கொண்டுவந்து சேர்ப்பது அவர்கள் சம்பளம் வாங்கிச் செய்ய வேண்டிய வேலை!